பேஸ்மெண்டில் தையலும் மிளகாய்க் கன்றும்

ரொறன்ரோ பக்கம் வீடு வாங்கியிருக்கிறீர்கள். பேஸ்மெண்டைத் தையலுக்கும், குளிர் முடிவதற்குள் கன்று போடுவதற்கும் பாவிக்கலாமா, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பாவிக்கலாம். ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் சில வருடங்களாக அதைத்தான் செய்கிறோம்.

லைட்டும் மேசையும் வாங்க முதல் ஈரத்தைப் பாருங்கள். கொங்கிறீட் நிலத்தில் ஒரு பொலித்தீன் தாளை விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அடிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் நிலத்துக்குள்ளால் வருகிறது. மேல்பக்கம் வியர்த்தால் அது காற்றில் உள்ள ஈரம். அதற்கு ஈரமுறிஞ்சி மெஷின் ஒன்று போட்டு, காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் போதும். இதெல்லாம் தெரியாமல் முதல் கோடையில் துணிகளைச் சுவரோடு அடுக்கி வைத்தேன். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த கைத்தறிச் சேலையின் மடிப்பு முழுக்கக் கரும்புள்ளி. எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை. அது இன்றைக்கும் மனதை அறுக்கிறது. இப்போது துணியெல்லாம் மூடி போட்ட பெட்டிகளில், சுவரிலிருந்து தள்ளி நிற்கும் தட்டில்தான்.

இன்னொன்று ரேடான். மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு, மணமோ நிறமோ கிடையாது; நெடுநாள் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். கீழே மணிக்கணக்காக இருக்கப் போகிறீர்கள் என்றால் குளிர்காலத்தில் மூன்று மாதம் சோதனைக் கருவி வையுங்கள். கனடா சுகாதாரத் துறையின் வரம்பு கன மீட்டர் காற்றுக்கு 200 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு).

சரி, கன்றுக்கு வருவோம். மிளகாயும் கத்தரியும் மார்ச் தொடக்கத்தில் போடுவோம். விதை முளைக்க 25 முதல் 30 பாகை சூடு வேண்டும். பேஸ்மெண்ட் குளிரில் அது கிடைக்காது, தட்டுக்கு அடியில் சூட்டுப் பாய் அவசியம். முளைத்ததும் பாயை எடுத்துவிடலாம். வெளிச்சத்துக்கு நாலடி எல்ஈடி குழல் விளக்கே காணும். ஆனால் கன்றின் தலைக்கு நாலு விரல் உயரத்தில் தொங்க வேண்டும், நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரிய வேண்டும். உயரத்தில் கட்டினால் கன்று நூல் மாதிரி நீண்டு சரிந்துவிடும். தண்ணீரை மேலே தெளிக்காமல் தட்டில் ஊற்றுங்கள். சின்னக் காற்றாடி ஒன்றும் ஓடட்டும். இல்லாவிட்டால் நாற்றழுகல் வந்து, இரவு நின்ற கன்று காலையில் அடி கறுத்துப் படுத்திருக்கும். பாகல் விதையின் தோல் தடிப்பானது, அதனால் ஓரத்தை நகவெட்டியால் கொஞ்சம் நறுக்கி இரவு ஊறவைத்து ஏப்ரல் கடைசியில் போட்டால் காணும்.

கன்றுத் தட்டைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கமும் தையல் மெஷினை மற்றப் பக்கமும் வைத்திருக்கிறோம். ஆனாலும் ஊசிக்கு நூல் கோக்க அம்மா கன்று விளக்கடிக்குத்தான் வருவார். கோத்துவிட்டு, எந்தக் கன்று புது இலை விட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார்.

விக்டோரியா தினம் வரும் மே வார இறுதிக்கு முன் நிலத்தில் நடாதீர்கள். அதற்குப் பத்து நாள் முன்னரே, முதல் நாள் ஒரு மணித்தியாலம் நிழலில் வைத்து, அப்புறம் நாளுக்கு நாள் கூட்டி வெளியே பழக்குங்கள்.