படகு ஒயரிங்: உப்புத்தண்ணிக்கு எந்த ஒயர்?

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் படகுக்காரங்க கேட்டதும் என்னோட பதிலும்.

கேள்வி (காசிமேடு): அண்ணே, ஃபைபர் படகுக்கு வீட்டு ஒயரே போட்டிருக்கேன். நல்ல கம்பெனி காப்பர்தான். ரெண்டு வருஷத்துல லைட் போயிடுது. ஏன்?

பதில்: தம்பி, காப்பர்ல குறை இல்ல. வெறும் காப்பரா இருக்கிறதுதான் குறை. பித்தளைப் பாத்திரத்துல புளி கரைச்சா களிம்பு ஏறும்னு வீட்டுல ஈயம் பூசுவாங்களே, அதே கதைதான் இங்கயும். படகுக்கு வேணும்கிறது ஒவ்வொரு இழையிலயும் ஈயம் (வெள்ளீயம், அதாவது டின்) பூசின மல்டி ஸ்ட்ராண்ட், அதாவது பல இழை ஒயர். கடையில 'டின்டு காப்பர்'னு கேளுங்க.

போன மீன்பிடித் தடைக்காலத்துல ஒரு படகுல அணியத்து (முன்பக்கத்து) லைட்டுக்குப் போற ஒயரை அறுத்துப் பாத்தேன். மேல் உறை புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. உள்ள ஒரு முழத்துக்கு இழையெல்லாம் கருப்பு. நகத்தால தேய்ச்சா பச்சைத் தூளா கொட்டுது. விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற மாதிரி, வெட்டின முனை வழியா உப்புத்தண்ணி உறைக்குள்ளயே ஏறிப் போயிருக்கு. வெளிய பாத்தா தெரியவே தெரியாது.

வாங்கும்போது ஒரு இழையை பிளேடால சுரண்டிப் பாருங்க. மேல வெள்ளை, உள்ள சிவப்புன்னா சரியான ஒயர். மேல சிவப்பு, உள்ள வெள்ளைன்னா அது அலுமினியத்துக்கு மேல காப்பர் முலாம். மேலயும் உள்ளயும் வெள்ளைன்னா வெறும் அலுமினியம். ரெண்டையும் கடையிலயே வெச்சுட்டு வந்துடுங்க. ஒத்தைக் கம்பி ஒயரும் வேணாம், இன்ஜின் அதிர்வுல முறிஞ்சிடும்.

கேள்வி (எண்ணூர்): எத்தனை ஸ்கொயர் போடணும்? எலக்ட்ரீஷியன் 2.5 போதும்ங்கறாரு.

பதில்: ஸ்கொயர்ங்கறது காப்பரோட கனம், சதுர மில்லிமீட்டர்ல. வீட்டுல 230 வோல்ட். ஒரு வோல்ட் வழியில போனா தெரியாது. படகுல இருக்கிறதே 12. பேட்டரியிலேர்ந்து 6 மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் இழுக்கிற ஃபோகஸ் லைட்டுன்னு வெச்சுக்குங்க. போக வர 12 மீட்டர். இந்த ரெண்டாவது 6 மீட்டரைத்தான் நிறைய பேர் கணக்குல விட்டுடறாங்க. 2.5 ஸ்கொயர் போட்டா ஏறக்குறைய 0.84 வோல்ட், அதாவது 7 சதவீதம் ஒயர்லயே போயிடும். 6 ஸ்கொயர் போட்டா 0.35தான், 3 சதவீதத்துக்குள்ள நிக்கும். வழிகாட்டி விளக்கு, வயர்லெஸ், தண்ணி இறைக்கிற பம்புக்கெல்லாம் இந்த 3 சதவீதத்தைத் தாண்டவே விடாதீங்க. உள்ள எரியற சின்ன பல்புக்கு 10 சதவீதம் வரைக்கும் போகலாம். சின்ன எல்.இ.டி. விளக்குக்கு 2.5 ஸ்கொயர் தாராளம்.

கேள்வி (திருவொற்றியூர்): ஜாயின்ட்டுல சால்டர் வெச்சா உறுதிதானே அண்ணா?

பதில்: தரையில உறுதி. படகுல இல்ல. சால்டர் இழைக்குள்ள ஏறி கம்பியை விறைப்பாக்கிடும். விறைப்பு முடியற இடத்துல அதிர்வு பட்டுப் பட்டு முறியும். ஈயம் பூசின லக் (ஒயர் முனையில மாட்டுற உலோகக் காது) போட்டு, அதுக்குன்னு இருக்கிற கிரிம்பிங் டூலால அழுத்துங்க, கட்டிங் பிளேயரால கடிச்சு விடாதீங்க. அழுத்தினதும் இழுத்துப் பாருங்க. அப்புறம் உள்ள பசை இருக்கிற, சூடு பட்டா சுருங்கற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை மாட்டி சூடு காட்டுங்க, முனையில பசை பிதுங்கி வரணும். தண்ணி போற வழி அங்கதான் அடைபடுது. கருப்பு டேப் உப்புத்தண்ணியை உள்ளயே பிடிச்சு வெக்கும், அது மட்டும் போதாது.

கேள்வி (காசிமேடு): எங்க லாஞ்ச் இரும்பு உடம்பு. நெகட்டிவ்வை உடம்புலயே கொடுத்தா ஒயர் மிச்சம்தானே?

பதில்: வேணவே வேணாம். கரண்ட் உடம்பு வழியா கசிஞ்சா தகடும் புரொப்பல்லரும் அரிச்சுப் போகும். ஒவ்வொண்ணுக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டு ஒயரும் தனியா பேட்டரி வரைக்கும் வரட்டும்.

கேள்வி (எண்ணூர்): ஃப்யூஸ் எங்க வெக்கணும்?

பதில்: பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து 7 அங்குலத்துக்குள்ள, ஒரு சாண் கூட இல்ல. ஃப்யூஸ் காப்பாத்தறது லைட்டை இல்ல, ஒயரை. ஒயர் தாங்கற அளவுக்கு மேல ஃப்யூஸ் போட்டா, உராய்ஞ்சு ஷார்ட் ஆகும்போது ஒயர்தான் எரியும். பக்கத்துல பெட்ரோல் கேன் இருக்குங்கறதை மறந்துடாதீங்க.

கேள்வி (திருவொற்றியூர்): அண்ணா, என் வீட்டுக்காரர் விடியக்காலம் 2 மணிக்குக் கிளம்பறாரு. படகு லைட் மங்கலா எரியுது. பல்பு மாத்தினா போதும்ங்கறாரு. போதுமா?

பதில்: போதுமான்னு மீட்டர் வெச்சே பாத்துடலாம், தங்கச்சி. லைட் எரியும்போதே பேட்டரியில அளக்கச் சொல்லுங்க, அப்புறம் பல்பு ஹோல்டர்ல. லைட்டை அணைச்சுட்டு அளந்தா அரிச்சுப் போன ஒயர்லயும் முழு வோல்ட் காட்டி ஏமாத்தும். பேட்டரியில 12.4, ஹோல்டர்ல 10ன்னு வந்தா ஒயர்தான் போச்சு, எத்தனை பல்பு மாத்தினாலும் மங்கல்தான். ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தா பல்பை மாத்தட்டும். சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளின்னு மூணு இடத்துக்கும் கப்பல் வர்ற கடல் அது. மேல இருந்து பாக்கிறவங்களுக்கு உங்க படகுன்னு தெரியறது அந்த ஒரு வெளிச்சம்தான். முழு ஒயரிங்கை ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் உள்ள தடைக்காலத்துல சாவகாசமா பண்ணிக்கலாம். அந்த ஒரு லைட்டுக்குப் போற ஒயரை மட்டும் அடுத்த தடவை கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே மாத்திடச் சொல்லுங்க.