மாடியில் இருமல், கொல்லையில் குரைப்பு

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது வயது நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. அப்பா குட்டியாக எடுத்து வந்து வளர்த்தது. ஆறேழு மாதமாக விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பித்து விடாமல் குரைக்கிறது. சாயங்காலமும் அப்படித்தான். யாரையாவது கடித்துவிடுமோ என்று கொல்லையில் மாட்டுக் கொட்டகைத் தூணில் கட்டியே வைத்திருக்கிறோம். பையன் பிளஸ் டூ, அவன் தூக்கம் கெடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்கிறார். அதட்டினேன், தண்ணீர் ஊற்றினேன், கேட்கவில்லை. பிஸ்கட் போட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது. மாடியில் அப்பா இருமினால் மட்டும் டக்கென்று நிறுத்தும். பிறகு முன்னைவிட அதிகமாகக் குரைக்கும். அப்பாவுக்கு 76 வயது. முழங்கால் வலி, கீழே இறங்குவதில்லை. சாப்பாடு மேலேயே கொடுத்துவிடுகிறோம். நிலத்தையும் போன வருஷம் குத்தகைக்கு விட்டாயிற்று. நாய்க்கு வாய்க்கட்டு, ஷாக் அடிக்கிற பெல்ட் எல்லாம் ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா? தூக்க மாத்திரை ஏதாவது உண்டா?
– வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: தம்பி, குரைக்கிற நாயைப் பற்றி எனக்கு வராத கடிதம் இல்லை. உங்கள் கடிதத்தில் நாயை விட்டுவிட்டு வேறொரு வரியில் நின்றுவிட்டேன். ‘முழங்கால் வலி, கீழே இறங்குவதில்லை.’ முழங்கால் வலிக்காரரை மாடிக்கு ஏற்றியது யார்?

கூடத்தில் ஒரு கட்டில் போட இடமில்லாத வீடா உங்களுடையது? பையன் படிப்பு, வருகிறவர் போகிறவர், ராத்திரி இருமல் என்று நீங்கள் சொல்லப்போகிற காரணம் எல்லாம் எனக்குத் தெரியும். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். எதையும் நான் ஏற்கவில்லை. படி இறங்க முடியாதவருக்கு மாடி அறையைக் கொடுத்தால் அவரைக் கட்டிப்போட்டதாகத்தான் அர்த்தம். கொல்லையில் அதைச் சங்கிலி பிடித்திருக்கிறது, மேலே இவரைப் படிக்கட்டு பிடித்திருக்கிறது.

நாலு மணிக்கு ஏன் குரைக்கிறது என்று கேட்கிறீர்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கு முன்னால், அந்த நாலு மணிக்கு உங்கள் வீட்டில் யார் எழுந்தார்? காவிரிக் கரையில் பிறந்தவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், நம் முறை எப்போது வருகிறதோ அப்போது போய் மடையைத் திறக்க வேண்டும். இருட்டு, பனி என்று பார்க்க முடியாது. என் தாத்தா அப்படிப் போனவர். சுவரில் சாத்தியிருக்கும் மண்வெட்டியை அவர் எடுக்கிற சத்தத்துக்கே எங்கள் வீட்டு நாய் எழுந்து உடம்பை ஒரு உதறு உதறும். வரப்பில் அவருக்கு முன்னால் பத்தடி ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும். டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வருவது தெரிந்த பிறகுதான் அடுத்த பத்தடி.

தினம் நடக்கிற காரியத்தை வைத்துத்தான் நாய் நேரம் அறிகிறது. உங்கள் அப்பாவோடு வயலுக்குப் போய்வந்த நாய் அது, எனக்குச் சந்தேகமே இல்லை. நேரம் ஆனதும் கூப்பிடுகிறது. மேலே இருமல் கேட்கிறது. ஆள் எழுந்துவிட்டார், இதோ வருவார் என்று காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. ஆள் வரவில்லை. மறுபடியும், இன்னும் பலமாகக் கூப்பிடுகிறது. நீங்களே கண்ணால் பார்த்து எழுதியதுதான் இவ்வளவும்.

அந்த இருமலுக்கு வருகிறேன். எத்தனை நாளாக இருமுகிறார்? நாய்க்கு மாத்திரை கேட்ட கடிதத்தில் அவர் இருமலுக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. முழங்காலையும் அங்கேயே காட்டலாம். இந்த வாரமே கூட்டிப்போங்கள். உங்கள் வீட்டில் அவர் இருமலைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஜீவன் அந்த நாய் என்று படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

ஷாக் பெல்ட் வேண்டாம். ஏன் வலிக்கிறது என்று அதற்குப் புரியாது. அந்த நேரத்தில் எதிரில் நிற்கிற குழந்தையோ ஆடோதான் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளும். இதுவரை கடிக்காத நாய் அப்படித்தான் கடிக்க ஆரம்பிக்கும். வாய்க்கட்டு அதைவிட மோசம். நமக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் வாயை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது உயிர் இருக்காது. மனுஷருக்கான தூக்க மாத்திரையைக் கையால் தொடாதீர்கள்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்பது வயது நாய்க்கு முதுமை. மூட்டு வலி, காதில் சீழ், பல் சொத்தை, கண் மங்கல் எது இருந்தாலும் குரைப்பு கூடும். பக்கத்தில் கால்நடை மருந்தகம் இருக்கும். அங்கே முடியாதென்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பிஸ்கட் விஷயம் உங்கள் கை செய்த தப்பு. குரைக்கும்போது போட்டால் குரைத்ததற்குக் கூலி கொடுத்ததாகிறது. அதட்டலும் அப்படித்தான், நாமும் சேர்ந்து கத்துகிறோம் என்றுதான் அது நினைக்கும். வாயை மூடியிருக்கிற நேரம் பார்த்து, பத்து எண்ணி, அப்போது போடுங்கள். முதல் சில நாள் குரைப்பு அதிகமாகும். இத்தனை நாள் கிடைத்தது ஏன் நின்றது என்று கேட்கும். அந்த நாட்களில் மனம் இளகி ஒரு துண்டு போட்டீர்களோ, எல்லாம் போயிற்று.

சங்கிலியை அவிழ்க்க வேண்டும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவைப் படியுங்கள். குட்டைச் சங்கிலியில் வெகுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டிவைக்கிற நாயை நடத்திக் கூட்டிப்போகாமல் விடுவதும் குற்றம் என்று நாயைப் பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நிஜமாகவே ஸ்டேஷனுக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கொல்லையில் இரண்டு தென்னைக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் வளையம் மாட்டிக் கட்டினால், பகலில் அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடமாடும். அதுவும் பகலுக்கு மட்டும்தான்.

அப்பாவின் கட்டிலைக் கீழே இறக்குங்கள். அவரைக் கேட்டு, அவர் சொல்கிற இடத்தில் போடுங்கள். ராத்திரி நாய் வாசல் திண்ணையிலோ அவர் கட்டில் பக்கத்திலோ படுக்கட்டும். விடியற்காலை வயல் பக்கம் அரை மணி நேரம் அதை நடத்திக் கூட்டிப்போக வேண்டியது உங்கள் பையன். படிப்பு கெடும் என்று எனக்கு எழுதாதீர்கள். எப்படியும் அந்த நேரத்தில் அவன் விழித்துத்தான் கிடக்கிறான். போகும்போது தாத்தாவுக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்துவிட்டுப் போகட்டும். நாயை எப்படிக் கூப்பிட வேண்டும், எந்த வரப்பில் பாம்புப் புற்று இருக்கிறது என்பதெல்லாம் அவர் சொல்லித்தருவார். சாயங்காலம் நீங்கள் கூட்டிப்போங்கள். குத்தகைக்கு விட்டாலும் வரப்பில் நடக்க யாரும் தடை சொல்லப்போவதில்லை. திரும்பி வந்ததும் நாற்று எப்படி நிற்கிறது, எந்த மடையில் தண்ணீர் ஏறவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் மேலே போன நாளிலிருந்து அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் நீங்களே போங்கள், மனைவியை அனுப்பாதீர்கள். தடுப்பூசிச் சீட்டைக் காட்டுங்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது எங்கள் தப்பு, ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். அதற்குள் உங்கள் அப்பா திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டால் மீதியை அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள்.