மகள் கெம்பஸ் போகிறாள்: அம்மா அப்பா யாரிடம் பேசுவது?

கேள்வி: நானும் கணவரும் தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் வேலை செய்கிறோம். மகள் பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கெம்பஸ் போனதில்லை. பள்ளிக்கூடத்தைப் போல அங்கேயும் பெற்றோர் கூட்டம் வைப்பார்களா? ஏதும் நடந்தால் யாரைக் கேட்பது? எங்களுக்குச் சிங்களமும் இங்கிலிஷும் அவ்வளவாக வராது.

பதில்: தவணைக்கொருமுறை கூப்பிட்டு ரிப்போர்ட் கையில் தரும் வழக்கம் அங்கே இல்லை. 18 வயது தாண்டியவர் என்பதால் பெறுபேறும் வரவும் மகளுக்கும் பீடத்துக்கும் இடையிலான விஷயம். பெற்றோரை அழைப்பது பெரும்பாலும் புதுமுக மாணவர்களை வரவேற்கும் நாளிலும் பட்டமளிப்பு விழாவிலும்தான்.

அந்த வரவேற்பு நாளை விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம் போகும், பஸ் செலவும் உண்டு. ஆனாலும் இருவருமே போங்கள். பெட்டியை ஹொஸ்டல் வாசலில் இறக்கிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பும் தோட்டத்துப் பெற்றோர் நிறையப் பேர். படித்தவர்கள் இடத்தில் நமக்கென்ன வேலை என்ற கூச்சம். உங்களுக்கு அங்கே முக்கியமான வேலை இருக்கிறது: மூன்று இடங்களில் பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்டு எழுதிக்கொள்வது. முதலில் விடுதியின் உப வார்டன்; இரவில் மகளுக்கு ஏதும் என்றால் உடனே போய்ப் பார்க்கக்கூடியவர் அவர். அடுத்து, பீடத்தின் மாணவர் ஆலோசகர். விரிவுரையாளர்களிலேயே சிலரை இந்தப் பொறுப்புக்கு நியமிக்கிறார்கள். கலைப்பீடத்தில் தமிழ் மூலமும் படிப்பிக்கிறார்கள், ஆகவே தமிழ் பேசும் ஆலோசகர் யார் என்று தயங்காமல் கேளுங்கள். பிறகு, மாணவர் விவகாரங்களைக் கவனிக்கும் பதிவாளர் பிரிவு.

இந்தப் பெயர்களை ஒரே தாளில் தமிழில் அச்சடித்து, வந்த பெற்றோர் எல்லோருக்கும் கொடுப்பது ஒரு பல்கலைக்கழகத்துக்குச் செலவே இல்லாத வேலை. எல்லா இடத்திலும் அதைச் செய்ய வேண்டும்.

பணத்துக்கு வருவோம். மஹாபொல புலமைப்பரிசில் 1981 முதல் இருக்கிறது. உயர்தரப் பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத் தருகிறார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அந்த மாதத் தொகை 5000 ரூபாயிலிருந்து 7500 ஆகக் கூட்டப்பட்டது. அது கிடைக்காத, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேர்சரி என்ற உதவிப்பணம் உண்டு. தோட்ட அலுவலகத்தில் சம்பளக் கடிதம் கேட்கும்போது ஒரு வருடக் கணக்கைக் கேளுங்கள். கொழுந்து கூடிய ஒரு மாதத்துச் சிலிப்பை மட்டும் காட்டினால் வருமானம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். முதல் பணம் கைக்கு வரச் சில மாதங்கள் செல்லலாம். அதுவரை சாப்பாட்டுச் செலவுக்கு இப்போதே ஏதாவது ஒதுக்கி வையுங்கள்.

என் மனதை அதிகம் உறுத்துவது பகிடிவதை, அதாவது மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்தும் ராகிங். முதல் மாதங்களில் மகள் வீட்டுக்கு வரத் தயங்கினால், மாலையில் போன் எடுக்காவிட்டால், உடுப்பிலும் தலைப்பின்னலிலும் யாரோ சொன்னபடி நடப்பதாகத் தெரிந்தால், நிதானமாகக் கேளுங்கள். 'எல்லோரும் அனுபவித்ததுதானே, பொறுத்துக்கொள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன வீட்டில் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு; பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ என்றால் பத்து ஆண்டு வரை போகும். மாணவர் ஆலோசகரிடம் சொல்லலாம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரே முறையிடலாம், பொலிசுக்கும் போகலாம். எதைச் செய்வதானாலும் மகளிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். அவளுக்குத் தெரியாமல் போய் நின்றால் அங்கே அவள் பாடு இன்னும் கஷ்டமாகலாம்.

மொழியை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். அரச அதிகாரிகளோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. பேராதனை அரச பல்கலைக்கழகம். வார்டனுக்கோ பதிவாளருக்கோ எழுதினால் தமிழிலேயே எழுதி, மகளின் பதிவிலக்கத்தைக் குறிப்பிட்டு, பதிவுத்தபாலில் அனுப்புங்கள். கடிதத்தின் பிரதியையும் தபாலில் தரும் துண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.