பிள்ளைகள் தாமாக எந்த அளவு வாசிப்பார்கள் என்று வகுப்பறையிலேயே கண்டறிவது எப்படி?

இரண்டாம் வகுப்பில் எல்லோரும் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறார்கள், புதிய கதைப் புத்தகம் கொடுத்தால் பாதிப் பேர் திணறுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியராகச் சொல்கிறேன்: பாடப் புத்தகத்தை வைத்து வாசிப்பைச் சோதிக்காதீர்கள். எல்லோரும் சேர்ந்து பலமுறை சொல்லிச் சொல்லி அது மனப்பாடமாகியிருக்கும். பத்தியின் கடைசி வரியில் விரலை வைத்து, அங்கிருந்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். மனப்பாடக்காரப் பிள்ளை உதட்டுக்குள்ளேயே முதல் வரியிலிருந்து ஓட்டிக்கொண்டு வரும்.

பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை எடுங்கள். பக்கத்தில் உட்கார வைத்து, மற்றவர்கள் காதில் விழாதபடி வாசிக்கச் சொல்லுங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பிள்ளைகளின் வாசிப்பை அளக்க நடத்தும் ஏசர் ஆய்வில் இருப்பதைப் போலச் சின்னப் பத்தியில் தொடங்கலாம். வாசித்துவிட்டால் கதைக்கு ஏறுங்கள், முடியாவிட்டால் சொல்லுக்கும், அதுவும் வராவிட்டால் எழுத்துக்கும் இறங்குங்கள்.

எத்தனை பிழை வரை விடலாம்? பிள்ளை வாசிக்க வாசிக்க ஆசிரியர் பிழைகளைக் குறித்துக்கொள்ளும் பதிவு முறை ஒன்றை நியூசிலாந்துக் கல்வி ஆய்வாளர் மேரி க்ளே உருவாக்கினார். அதன்படி, நூறு சொல்லுக்கு 95 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் அந்தப் புத்தகத்தைப் பிள்ளை தனியாக வாசிக்கும். 90க்குக் கீழே போனால் இப்போதைக்கு அது கனமான புத்தகம். ஆனால் அது ஆங்கில வாசிப்பையொட்டி உருவான கணக்கு. 'போய்விட்டார்களாம்' என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்குப் பல சொற்கள் வேண்டும். அதனால் எண்ணிக்கையை விட, எந்த மாதிரிப் பிழை என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

'கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்' என்று அச்சிட்டிருப்பதை ஒரு பையன் 'கெணத்துக்குள்ள எட்டிப் பாத்தா' என்று வாசிக்கிறான். இது பிழையே இல்லை. கண் பார்த்ததை அவன் வீட்டுப் பேச்சாகவே மாற்றிச் சொல்கிறான், அதாவது புரிந்து வாசிக்கிறான். இன்னொரு பிள்ளை 'கி... ண... ற்... று' என்று ஓர் எழுத்தும் தவறாமல் கூட்டி முடிக்கிறாள். யார் எட்டிப் பார்த்தது என்று கேட்டால் பதில் இல்லை. தாளில் அவளுக்கு முழு மதிப்பெண் விழும், ஆனால் அந்தப் பக்கத்தை அவள் இன்னும் தனியாக வாசிக்கவில்லை. 'கொடி'யைக் 'கெடி' என்று வாசிக்கும் பிள்ளை துணைக்காலைத் தாண்டிப் போகிறது. அதற்குத் தேவை ஒகர, ஓகார எழுத்துகளில் தனிப் பயிற்சி. ல, ள, ழ உச்சரிப்புக்காக யாரையும் கீழே இறக்காதீர்கள். ஊருக்கு ஊர் அது மாறும்.

வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, 'கதையை எனக்குச் சொல்லுப்பா' என்று கேளுங்கள். எந்தப் பேச்சு வழக்கில் சொன்னாலும் சரி. நிலையை முடிவு செய்ய எனக்கு இதுதான் பெரிய ஆதாரம்.

நேரம் கிடைக்காது என்பீர்கள். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது நாளுக்கு இரண்டு பிள்ளைகள் போதும். மாதத்துக்குள் வகுப்பு முடிந்துவிடும். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது பாடம் நடத்த உதவும். கையில் கொடுக்கும் கதைக்கு, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் எளியதிலிருந்து கடினமானதுக்குப் போகும் நுழை, நட, ஓடு, பற வரிசை பொருத்தமாக இருக்கும். பிள்ளையின் நிலையை உங்கள் நோட்டில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டாம். 'நட' வரிசையில் இருக்கும் பிள்ளை ஆசைப்பட்டு 'பற' புத்தகத்தை எடுத்தால் பிடுங்காதீர்கள், கூட உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.