விருந்திலேயே துப்பாக்கியா? கொஞ்சம் பொறுங்கள்

நண்பரே, 1804இல் நியூயார்க்கில் நடக்கும் உங்கள் கதையில், விருந்தில் அவமானப்பட்ட நாயகன் அங்கேயே துப்பாக்கியை உருவுவது சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரியில்லை. அது டூயல் (இருவர் முன்கூட்டியே பேசி, விதிமுறைப்படி ஆயுதத்தோடு மோதும் மானச் சண்டை) இல்லை, வெறும் அடிதடி.

அதே வருடம் அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனுக்கும் அப்போதைய துணை ஜனாதிபதி ஆரன் பர்ருக்கும் நடந்த மோதலைப் பாருங்கள். ஹாமில்டன் தன்னை இழிவாகப் பேசியதாகப் பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்தைக் காட்டி, ஜூன் 18 அன்று பர் விளக்கம் கேட்டு எழுதினார். ஹாமில்டனோ அந்த 'இழிவு' என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று இலக்கண வகுப்பு எடுத்தார்! இந்தக் கடிதப் போக்குவரத்தும் பேச்சும் மூன்று வாரம் இழுத்தது. ஆளுக்கொரு துணையாள் உண்டு. சமாதானம் பேசிப் பார்ப்பது, முடியாவிட்டால் தூரம் அளப்பது, எல்லாம் அவர்கள் பொறுப்பு.

அப்புறம் ஜூலை 11 காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் தாண்டி, எதிர்க்கரையில் நியூஜெர்சியில் இருக்கும் வீஹாக்கன் போனார்கள். துப்பாக்கிகள் பெட்டிக்குள். இடைவெளி பத்துத் தப்படி. கூடப் போன மருத்துவர் முதுகைத் திருப்பிக்கொண்டார், 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று பிறகு சொல்ல வசதியாக. குண்டடிபட்ட ஹாமில்டன் மறுநாள் இறந்தார்.

விருந்துக் காட்சியை அப்படியே வையுங்கள். நாயகன் வீட்டுக்குப் போய் இறகுப் பேனாவை எடுக்கட்டும்.