இறைஞ்சினாளா, மன்றாடினாளா?

வணக்கம்.

நான் எழுதிய ஒரு சிறுகதையில், குடியிருக்கும் வீட்டை விற்க வேண்டாம் என்று ஒரு தாய் மகனிடம் கேட்கிறாள். 'மகனிடம் இறைஞ்சினாள்' என்று எழுதியிருந்தேன். படித்த தோழி, 'இறைவனிடம்தான் இறைஞ்ச முடியும், மாற்று' என்றாள். கெஞ்சினாள், மன்றாடினாள் என்றெல்லாம் போட்டுப் பார்த்தேன், எதிலும் மனம் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தானா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொல்வதில் பாதி சரி. பக்திப் பாடல்களில் அதிகம் புழங்கியதால் அந்தச் சொல்லில் கோயில் வாசனை ஏறிவிட்டது. ஆனால் இறைஞ்சுதலின் பழைய பொருள் வளைதல், தலை தாழ்தல். புறநானூற்றின் 17ஆம் பாட்டில் 'குலை இறைஞ்சிய கோள் தாழை' வருகிறது. குலையின் பாரத்தால் தாழ்ந்து நிற்கும் தென்னை அது. குறளில் (1093) 'நோக்கினாள் நோக்கி இறைஞ்சினாள்' என்று ஒரு பெண் தலை கவிழ்கிறாள். அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, பார்த்துவிட்டு நாணுகிறாள், அவ்வளவுதான். ஆக, வாய் கேட்பதற்கு முன்னால் கழுத்து வளைவதைச் சொல்லும் சொல் இது. கடவுளுக்கு மட்டும் அதை எழுதிக் கொடுத்துவிட வேண்டியதில்லை.

மன்றாடுவது வேறு. மன்று என்றால் அவை, வழக்குக் கேட்கும் இடம். நீதிமன்றத்தில் இருப்பதும் அதே மன்றுதான். வாதாடு, வழக்காடு என்பவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மன்றாடுகிறவர் கையில் ஒரு நியாயம் இருப்பது தெரியும். அழுதாலும் அவர் தன் வழக்கைச் சொல்லித்தான் அழுவார். கத்தோலிக்கத் திருப்பலியில் 'விசுவாசிகளின் மன்றாட்டு' என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல்வழக்கு அது. கடவுளின் முன்னாலும் மனிதர்கள் இன்னின்னது வேண்டும் என்று எடுத்துச் சொல்கிறார்கள்.

கெஞ்சலுக்கு நெருக்கம் வேண்டும். தாடையைப் பிடித்துக்கொண்டு, 'என் ராசா இல்ல' என்று கெஞ்சலாம். அதிகாரியிடமும் கெஞ்சுகிறோம், ஆனால் அங்கே அந்தச் சொல் நம்மைச் சிறுமைப்படுத்துகிறது. வீட்டுக்குள் அப்படியில்லை.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். அந்த வீட்டில் அவளுடைய நகையோ உழைப்போ போயிருந்தால் 'மன்றாடினாள்' என்றே எழுதுங்கள். பேச்செல்லாம் தீர்ந்து தலை தாழ்ந்துவிட்டது என்றால் 'இறைஞ்சினாள்' இருக்கட்டும், தயங்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. எங்கள் பாட்டி இப்படியொரு சமயத்தில் என் சித்தப்பாவிடம், 'உன் கால்ல வேணும்னாலும் விழறேன்ப்பா' என்றாள். அவர் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பெரியவர்கள் காலில் சிறியவர்கள் விழும் ஊரில், தாய் வாயிலிருந்து அது வந்தால் எந்த மகனும் ஆடிப்போவான். இறைஞ்சினாளா, மன்றாடினாளா என்று நீங்கள் தேடுவதற்கு முன், உங்கள் கதையில் அந்த அம்மா என்ன சொன்னாள் என்று ஒரு வரி எழுதிப் பாருங்களேன். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.