மூளைக்கட்டி அறுவைக்குப் பின் குழந்தை வீடு திரும்பும்போது: கேள்வி பதில்

குழந்தைகளுக்கான மூளை அறுவை வார்டில் செவிலியராக இருந்து, இப்போது அதே குழந்தைகளின் மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் பொறுப்பு. வீட்டுக்கு வந்த பிறகு சாப்பாடு, தூக்கம், அடம், பள்ளிக்கூடம் என்று நாள் முழுக்க என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வவுனியாவிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு 5 வயது. சிறுமூளையில் இருந்த கட்டியை எடுத்தவை. முதல் நாள் "அம்மா, தண்ணி" எண்டு கேட்டவன். அடுத்த நாளில இருந்து ஒரு சொல்லும் கதைக்கேல்ல. மூண்டு கிழமையாச்சு. சத்தம் போட்டு அழுகிறான், அவ்வளவுதான். பேச்சு திரும்ப வருமோ அக்கா?

பெரும்பாலான பிள்ளைகளுக்குத் திரும்ப வருகிறது, தங்கச்சி. சிறுமூளையின் நடுப்பகுதியில் அறுவை செய்த பிறகு, ஓரிரு நாள் நன்றாகப் பேசிய பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்துவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். மெடுல்லோபிளாஸ்டோமா வகைக் கட்டியை எடுத்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது வருகிறது. சிறுமூளையிலிருந்து முன்மூளைக்குப் போகும் நரம்புப் பாதைகள் பாதிக்கப்படுவதுதான் காரணம். நீங்கள் கவனிக்காததாலோ, அவன் பயந்துபோனதாலோ வந்தது அல்ல. சிலருக்குச் சில நாளில் விலகும், சிலருக்குச் சில மாதம் ஆகும்.

நீங்கள் பேசுவது அவனுக்குக் கேட்கிறது, பெரும்பாலும் புரியவும் செய்கிறது. அதனால் கட்டிலருகே நின்று "இவன் இனிக் கதைப்பானோ" என்று யாரும் பேச வேண்டாம். "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று வருகிறவர்கள் எல்லாம் பரீட்சை வைப்பதையும் நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக ஆமாம், இல்லை இரண்டுக்கும் ஒரு வழி ஏற்படுத்துங்கள். கையை அழுத்தினால் ஆமாம், கண்ணை மூடினால் இல்லை என்பது போல. தண்ணீர், வலி, மூத்திரம், தூக்கு ஆகிய நான்குக்கும் படம் வரைந்து தலைமாட்டில் வையுங்கள். அழுகையில் பாதி, கேட்க முடியாத ஆற்றாமையால் வருகிறது. மீதிப் பாதி இந்த நிலையோடு சேர்ந்து வருகிற எரிச்சல். விளக்கைக் குறைத்து, டிவியை அணைத்து, பார்க்க வருகிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே விடுங்கள்.

பேச்சு திரும்பும்போது முதலில் முணுமுணுப்பாகவோ ஒற்றைச் சொல்லாகவோ வரும். பிறகும் இழுத்து இழுத்து, எழுத்தெழுத்தாகப் பேசுவான். அவன் சொல்ல வந்ததை நீங்கள் முடித்து வைக்காதீர்கள், காத்திருங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பேச்சு நின்ற பிள்ளைக்கு விழுங்குவதிலும் சிக்கல் இருக்கலாம். தண்ணீர் குடித்ததும் இருமினாலோ, தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்டாலோ நுரையீரலுக்குள் இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டு, வாய்வழி கொடுப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். மடியில் சாய்த்துப் போட்டு ஸ்பூனால் ஊற்றவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். தண்ணீரை விடக் கெட்டியான கஞ்சி சில பிள்ளைகளுக்கு எளிதாக இறங்கும். எந்தக் கெட்டி சரி என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு முறை பார்த்துச் சொல்லட்டும்.

திருப்பூர், அப்பா: 4 வயது மகள். ஸ்டீராய்டு மாத்திரை போகிறது. நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சோறு கேட்கிறாள், தராவிட்டால் கடிக்கிறாள். முகம் உப்பிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சில வாரம் போன உடம்பு, தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்காமல் இருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது என்று ஆபத்தில் கொண்டுபோய் விடும். படிப்படியாகத்தான் குறைப்பார்கள். குறைந்தால் பசியும் கோபமும் முகவீக்கமும் தானாக வடியும்.

கடைசி டோஸை மாலைக்கு முன்பே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், தூக்கம் கொஞ்சம் சரியாகும். ராத்திரிக்கு என்று ஒரு கிண்ணத்தில் இட்லியோ சுண்டலோ எடுத்து வைத்துவிடுங்கள். அந்தப் பசி உண்மையான பசி, அதோடு அந்த நேரத்தில் சண்டை வேண்டாம். பிஸ்கட், சிப்ஸ், ஜூஸ் மட்டும் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். அதிகத் தாகமும் அடிக்கடி மூத்திரமும் இருந்தால் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

வலிப்புக்காக லெவெடிராசெட்டம் போகிற குழந்தைகளுக்கும் கோபம் இதே மாதிரி வரலாம். அதையும் டாக்டரிடம் சொன்னால் மாற்று வழி பார்ப்பார்.

மதுரையிலிருந்து ஒரு தாத்தா: பேரனுக்கு 6 வயது, அறுவை முடிந்து எட்டு மாதம். கேட்டதெல்லாம் உடனே கிடைக்க வேண்டும், சொன்ன பேச்சு கேட்பதில்லை. தலையில் கத்தி வைத்த பிள்ளை என்று நாங்கள் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மருமகள் கண்டிக்கிறாள், எனக்கு மனசு கேட்கவில்லை. யார் சரி?

ஐயா, உங்கள் மருமகள் சரி. ஆனால் கண்டிப்பதற்கு முன் அவர் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவன் செய்ய மாட்டேன் என்கிறானா, அவனால் செய்ய முடியவில்லையா?

எங்களிடம் வந்த ஒரு சிறுவனிடம் அவன் அம்மா, "துண்டை எடுத்துக் கொடியில போட்டுட்டு, கையக் கழுவிட்டு, தட்டு எடுத்துட்டு வா" என்றார். எழுந்தான், இரண்டடி வைத்தான், நின்றான், திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான். "பாருங்க சிஸ்டர், எவ்வளவு திமிரு" என்றார் அம்மா. நான் "துண்டை எடு" என்றேன், எடுத்தான். "கொடியில போடு" என்றேன், போட்டான். மூன்று வேலையும் ஒவ்வொன்றாகச் சொன்னபோது சிரித்துக்கொண்டே முடித்தான். மூன்றை ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்க அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். இந்த அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் பிறகு, கேட்டதை மனதில் நிறுத்துவதும் சட்டென்று பதில் தருவதும் பல குழந்தைகளுக்கு மெதுவாகும். ஒரு வேலை சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பல வீடுகளில் பாதி "அடம்" இங்கேயே போய்விடுகிறது.

இன்னொன்று களைப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் ரகளை என்றால், இரண்டு மணிக்கு ஒரு தூக்கம் போடவையுங்கள்.

இதெல்லாம் போக மிச்சம் இருப்பது சாதாரண ஆறு வயதுப் பிள்ளையின் அடம். அதற்குச் சாதாரண வீட்டு விதிதான். தம்பியை அடித்தால் பொம்மை உள்ளே போகும், கூச்சல் போட்டால் போன் கிடையாது. அம்மா "இல்லை" என்றதைத் தாத்தா "சரி" என்று மாற்றக் கூடாது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது ஐயா. எந்த விதியும் இல்லாத வீட்டில் குழந்தை, தனக்கு ஏதோ பெரிய ஆபத்து இருக்கிறது, அதனால்தான் யாரும் திட்டுவதில்லை என்று பயந்துபோகிறான். பழைய விதிகள் திரும்பி வந்தால் அவனுக்கு ஒரு தெம்பு வருகிறது. அடி மட்டும் வேண்டவே வேண்டாம்.

சேலம், அம்மா: ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்குள் வடிக்கும் குழாய்) வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை வாந்தி எடுக்கும்போதும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். எது ஷன்ட் அடைப்பு, எது சாதாரண வாந்தி?

வயிற்றுப்போக்கும் சேர்ந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அதே தொல்லை இருந்து, குழந்தை இடையிடையே சிரித்து விளையாடினால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறு. பேதி இல்லாமல் வாந்தி மட்டும், அதிலும் காலையில் எழுந்ததும் தலைவலியோடு வந்தால் சந்தேகப்பட வேண்டும். தூக்கம் அதிகமாகி எழுப்பினாலும் சரியாக எழாதது, கண் மேலே போகாமல் கீழேயே நிற்பது, புதிதாக மாறுகண், நடை திடீரென்று தள்ளாடுவது, இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிறு குழந்தை என்றால் உச்சிக்குழி புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சலோடு குழாய் போகும் வழியில் சிவப்போ வீக்கமோ இருந்தால் அது தொற்று. தொற்று பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வரும்.

எதுவென்று தெரியாவிட்டால் ஓடுங்கள். பத்து முறை வீணாக ஓடினாலும் தவறில்லை. அம்மா "இவ இன்னிக்கு சரியில்ல" என்று சொன்னால் நான் அதை எப்போதும் மதிப்பேன்.

குழந்தை நன்றாக இருக்கும்போது எடுத்த ஸ்கேனின் நகலைப் போனில் வைத்திருங்கள். இரவுப் பணியில் இருக்கும் டாக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட உதவியானது ஒன்றும் இல்லை. ஷன்ட் எந்த வகை என்ற சீட்டும் பர்ஸில் இருக்கட்டும். அப்புறம், மலச்சிக்கலைக் கவனியுங்கள். நீர் வயிற்றுக்குள்தான் வடிகிறது, வயிறு இறுகினால் வடிவது குறையலாம்.

திருச்சி: பிழைத்து வந்தால் சமயபுரத்தில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டோம். எப்போது போடலாம்?

வேண்டுதலை அம்மன் காத்திருந்து வாங்கிக்கொள்வாள், அவசரம் வேண்டாம். தையல் முழுவதும் ஆறி, அறுவை செய்த டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். கீமோ போகும் காலத்தில் வேண்டாம். அப்போது சின்னக் கீறல்கூடப் பெரிய தொற்றாகும், திருவிழாக் கூட்டமும் ஆகாது. போடும்போது புது பிளேடு, தலையைத் தொடும் முன் ஷன்ட் புடைப்பையும் தழும்பையும் நாவிதருக்குக் காட்டுவது, இரண்டும் கட்டாயம். எண்ணெய்க் குளியலும் தையல் ஆறிய பிறகுதான். பாட்டி தேய்க்கும்போது புடைப்பின் மேல் அழுத்த வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

கோவை, அம்மா: கிரேனியோஃபாரிஞ்ஜியோமா (மூளையின் அடியில் பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டி வரும் கட்டி). 7 வயது. உடம்பு சுரக்காத ஸ்டீராய்டுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் போகிறது. சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். உறவினர்கள் "வளர்ப்பு சரியில்லை" என்கிறார்கள்.

வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் அந்தக் கட்டியை ஒட்டியே இருக்கிறது. அது பாதிக்கப்பட்டால் போதும் என்ற உணர்வே வராது. அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு வைக்காமல், வீடு முழுவதும் ஒரே சாப்பாட்டுக்கு மாறுங்கள். நேரம் குறித்து, தட்டில் அளந்து கொடுங்கள். சமையலறையைப் பூட்டி வைப்பதில் குற்ற உணர்வு வேண்டாம், பல குழந்தைகளுக்கு அதுவே நிம்மதி.

காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனை இரண்டு மூன்று மடங்காக்கச் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை என்றால் அடுத்த முறை கேட்டு எழுதி வாங்குங்கள். வாந்தியில் மாத்திரை நிற்காவிட்டால் ஊசிதான் வழி, உடனே போக வேண்டும். ஊர் ஆஸ்பத்திரியில் காட்ட ஒரு கடிதமும், வகுப்பு ஆசிரியரிடம் அதன் ஒரு நகலும் இருக்கட்டும்.

கீமோ போகும் மகனின் தங்கைக்குப் போலியோ சொட்டு மருந்து போடலாமா?

சொட்டு மருந்து வேண்டாம். அதில் உயிருள்ள கிருமி மலத்தில் வெளியேறி அண்ணனைத் தொற்றலாம். குழந்தை மருத்துவரிடம் சொல்லிப் போலியோ ஊசியாகப் போடுங்கள். முகாமுக்கு வீடு வீடாக வருகிறவர்களிடமும் காரணத்தைச் சொல்லுங்கள்.

நாகர்கோவில், அப்பா: பள்ளிக்குத் திரும்பிவிட்டாள், 2ஆம் வகுப்பு. "எழுத மாட்டேங்கிறா, சோம்பேறி" என்கிறார் டீச்சர்.

எழுதுவது மெதுவாகியிருக்கும், கையும் நடுங்கலாம். முதல் வேலையாகக் காதையும் கண்ணையும் சோதியுங்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போயிருந்தால் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் கேட்பது குறையலாம். ஃபேன் ஓடுகிற வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்தால் பாதி வார்த்தை தவறிவிடும். குழந்தைக்கு அது தெரியாது, அதனால் சொல்லவும் சொல்லாது.

டீச்சரிடம் குறை சொல்லப் போகாமல் ஒரு பக்கக் கடிதத்தோடு போங்கள். முன்பெஞ்சு வேண்டும், பலகையில் உள்ளதை நகலெடுக்கும் வேலையைப் பாதியாக்க வேண்டும், வாயால் பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டும், முதல் மாதம் அரை நாள் போதும். இந்த நான்கை மட்டும் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் காரணம் தெரிந்ததும் மாறிவிடுவார்கள். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் பாருங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவும் அந்தச் சான்று உதவும்.

செங்கல்பட்டு: மூத்த மகளுக்கு 9 வயது. தம்பி நோய்வாய்ப்பட்டதிலிருந்து ரொம்ப "நல்ல பிள்ளை" ஆகிவிட்டாள், எதுவும் கேட்பதில்லை.

அவளைத்தான் முதலில் கவனியுங்கள். தான் தம்பியைத் தள்ளிவிட்டதால்தான் கட்டி வந்தது என்று உள்ளுக்குள் நம்பும் அக்கா, அண்ணன்களை நான் பார்த்திருக்கிறேன். அவள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நீ செஞ்சதால வரல, தொட்டா ஒட்டாது, யார் மேலயும் தப்பில்ல." தினமும் கொஞ்ச நேரமாவது தம்பி பேச்சே இல்லாமல் அவளோடு மட்டும் இருங்கள். அந்த நேரத்தில் அவள் சண்டை போட்டால் சந்தோஷப்படுங்கள்.

புதுச்சேரி: 6 வயது. அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து. அது இல்லாமல் முடியுமா?

இந்த வயதில் பழக்கினால் பல குழந்தைகள் படுத்துக்கொள்கிறார்கள். எம்ஆர்ஐ சத்தம் இணையத்தில் கிடைக்கும், மெதுவாக வைத்துத் தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். மேசைக்கு அடியில் பாய் விரித்து, போர்வையால் சுற்றி மூடி, "சிலை ஆட்டம்" ஆடுங்கள். முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு பத்து. முடியவில்லை என்றால் மயக்க மருந்திலேயே எடுக்கலாம், குழந்தை தோற்றுவிட்டதாக யாரும் பேச வேண்டாம்.

கிளம்பும் முன் அரைஞாண், கொலுசு, தோடு, தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். அழுத்தத்தை வெளியிலிருந்து மாற்றியமைக்கும் வகை ஷன்ட் என்றால் முன்கூட்டியே சொல்லி, ஸ்கேன் முடிந்ததும் அதன் அளவைச் சரிபார்த்த பிறகே வீட்டுக்குப் புறப்படுங்கள்.